நாலு அறை, நாலு துடுப்பு

அறைக்குள் போகும் முன் அந்த அக்கா, கதவோரம் ஆணியடித்து வைத்திருந்த பித்தளை மூடியை ஒரு தட்டு தட்டுவார். ஏதோ பழைய பானையின் மூடி அது. தட்டிய கையைக் கீழே இருக்கும் வாளியில் சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகுதான் கதவைத் திறப்பார். கூட யார் நின்றாலும், "தொட்டுட்டு வா தாயி" என்பார். இத்தனை மரியாதையோடு உள்ளே போனால் அங்கே இருப்பது கோழித் தீவனம்.

பட்டாசுத் தொழிற்சாலையைச் சிவகாசிப் பக்கத்தில் பயராபீஸ் என்பார்கள். அக்கா விஸ்வநத்தம் அருகே ஒரு பயராபீஸில், பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்குமாம். அதைத் தொட்டால் உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். தீவனத்துக்கு அது எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எதுக்குமில்ல. தொட்டாத்தான் கை கழுவணும்னு ஞாபகம் வருது. இருவது வருசப் பழக்கத்தை ஏன் வீணாக்கணும்?" என்றார்.

என் மகள் நடை பழகியது அந்த அறைகளின் முன்னால்தான். ரொம்ப நாள் வரைக்கும் எந்தக் கதவைப் பார்த்தாலும் பக்கத்துச் சுவரைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். மருத்துவமனையில்கூட. இதில் ஏதும் கோளாறு இருக்குமோ என்று நான் டாக்டரிடம் கேட்டு, அவர் சிரித்து, நான் வெட்கப்பட்டது தனிக் கதை.

ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்று என் கணவரின் ஊர். அவர் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் வேலை பார்த்தார். காலண்டர் சீசன் வந்துவிட்டால் வீட்டில் அவரைப் பார்ப்பதே அரிது. நான்கு மாதக் கைக்குழந்தையோடு, கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த பட்டத்தோடு அங்கே போய் இறங்கினேன். குழந்தை தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம். பால் பாட்டிலைக் கொதிக்க வைத்துவிட்டு, கொதித்ததா என்று சந்தேகப்பட்டு, மறுபடி கொதிக்க வைப்பேன். "படிச்சது போதாதுன்னு பாட்டில வேற அவிக்கிறா" என்று என் மாமியார் அடுத்த வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அடுத்த வீடுதான் அக்காவின் வீடு. ஒரு நாள் காலையில் எவர்சில்வர் டப்பா ஒன்றோடு வந்தார். திறந்து காட்டினார். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைத் துண்டுகள். மேலே பஞ்சு போர்த்தியதுபோல வெள்ளைப் பூசணம்.

"ஏ புள்ள, நீ பூசணத்தைப் பத்தித்தானே காலேஜுல படிச்ச? இது நல்லதா கெட்டதா, சொல்லு."

எங்கள் பக்கம் மக்காச்சோளம் அறுத்து முடித்தால் இந்தக் கட்டைகளை வயலோரம் குவித்து எரித்துவிடுவார்கள். விவசாயிகளுக்கு நடந்த ஒரு பயிற்சியில் அக்கா ஒன்றைக் கேட்டு வந்திருந்தார். கட்டையை நொறுக்கி, ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, ஆறியதும் சிப்பிக்காளான் விதையைக் கலந்து வைத்தால் காளானின் வெள்ளை இழை கட்டைக்குள் இறங்கி அதை மெத்தென்று ஆக்கிவிடும். பிறகு உளுந்தம்பொட்டு, அதாவது உளுந்தின் தோல் நொறுங்கல், சேர்த்து, மோரும் வெல்லமும் தெளித்து மூன்று நாள் புளிக்க விட்டால், கோழிக்குப் போடும் தீவனத்தில் ஒரு பங்காக அதைச் சேர்க்கலாம். அக்காவிடம் அப்போது நாற்பது நாட்டுக் கோழிகள் இருந்தன.

"பார்த்துச் சொல்றேன்க்கா" என்றேன்.

"பார்த்துக்கிட்டுத்தானே நிக்க?"

இரண்டு நாள் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மூன்றாம் நாள், "வெள்ளையா இருக்கிற வரைக்கும் நல்லதுன்னுதான் தோணுது. பச்சை, கறுப்பு வந்தா ஆகாது. ஆனா உறுதியாச் சொல்ல முடியலைக்கா" என்று இழுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உறுதியாச் சொல்றவுகளைக் கண்டாத்தான் எனக்குப் பயம். நீ வா."

அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் போனேன்.

முதலில் அறை கட்டினார். ஒன்றல்ல, நான்கு. ஒவ்வொன்றும் ஒரு தொட்டி வைக்கும் அளவுதான். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பத்தடி இடைவெளி, அதில் ஒரு வேப்பங்கன்று. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். பயராபீஸ் அறைகளைச் சின்னதாக்கிக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. கொத்தனார் செங்கலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏக்கா, நாலு கக்கூஸு எதுக்கு? வீட்டுல இருக்கிறதே நாலு பேருதான்" என்றார்.

டீக்கடைக்காரர் விடவே மாட்டார். அக்கா அந்த வழியாகத் தலையில் பொட்டு மூட்டையோடு போனால், பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்து, "ஏலே, பீடிய அணைங்கலே! மதினி தீவன லோடு கொண்டு போறாக. வெடிச்சுக் கிடிச்சுத் தொலையப் போகுது" என்று கத்துவார்.

"வெடிச்சா மொதல்ல ஒம்ம பாய்லருதான் கொழுந்தனாரே போகும்" என்று அக்கா நிற்காமல் சொல்லிவிட்டுப் போவார்.

நான்கு அறைக்கும் நான்கு துடுப்பு. களி கிண்டும் துடுப்பு மாதிரி நீளமானவை. ஒவ்வொரு அறைக்கும் தனிச் சாக்கு, தனித் துணி, தனி முறம். ஓர் அறையின் பொருள் இன்னோர் அறையின் வாசலைக்கூடத் தாண்டக் கூடாது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "போனா போகட்டும்னு விடுற அளவுதான் ஒரு ரூமுல இருக்கணும்."

தீவனத்துக்கு மட்டும் சொன்னதல்ல அது. வீட்டில் புளி மூன்று பானையில் இருக்கும். பட்டுச்சேலைகள் இரண்டு பெட்டியில். அவரும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவரும் ஒரே பைக்கில் போய் நான் பார்த்ததில்லை. அண்ணன் பைக்கில் போவார், அக்கா பின்னாலேயே பஸ்ஸில் போவார். கல்யாண வீட்டுக்குத் தனித்தனியாக வந்து இறங்கும் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, சண்டையா என்று விசாரிப்பவர்கள் உண்டு. "சண்டை போடத்தான் ஒண்ணாப் போகணும்" என்பார் அக்கா. சிரிப்புதான் வரும். ஆனால் பஸ் வர நேரமானால் அண்ணன் அந்த மண்டபத்து வாசலிலேயே நின்றுகொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்போது சிரிப்பு வராது.

பக்கத்துத் தெருப் பெண்களும் தங்கள் கோழிகளுக்குத் தீவனம் கேட்க ஆரம்பித்தபோது, நான் என் படிப்பைக் காட்டலாம் என்று ஒரு தாளில் படம் வரைந்துகொண்டு போனேன். நான்கு அறைக்குப் பதில் ஒரே பெரிய தொட்டி. வேலை பாதியாகும், வேக வைக்க விறகு மிச்சமாகும். அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்சமா இருக்கு. இது கெட்டுப்போச்சுன்னா எம்புட்டு நாளு அழுவ?"

"ஒரு மாசம் அழுவேன்க்கா."

"நம்ம ரூம் ஒண்ணு போனா?"

யோசித்தேன். "நாலு நாள்."

"நாலு நாளு அழுகிறதுதான் நமக்குத் தோது. இதையே வச்சுக்கிடுவோம்." தாளை மடித்து என் மகள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தின்னப் போனாள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சோதனை இருந்தது. புதிதாக முடிந்த தீவனம் முதலில் ஐந்து கோழிகளுக்கு மட்டும்தான் போகும். அவற்றைத் தனியாக அடைத்து ஒரு வாரம் பார்ப்பார். எச்சம் எப்படி, நடை எப்படி, முட்டை ஓடு எப்படி என்று எல்லாம். அந்த ஐந்தில் ஒரு செங்கோழி எப்போதும் முன்னால் வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கும். பயராபீஸ் மேற்பார்வையாளரைச் சொல்வதுபோல அதற்கு 'போர்மேன்' என்று பேர். "போர்மேன் கையெழுத்துப் போட்டாச்சா?" என்றுதான் காலையில் நான் விசாரிப்பேன்.

என் மகளுக்குத் தினம் ஒரு முட்டை அந்தக் கோழிகளிடமிருந்துதான் வந்தது. இங்கேதான் என் பயமும் இருந்தது. மக்காச்சோளத்தில் வேண்டாத பூசணம் பிடித்தால் அதில் நஞ்சு ஊறும் என்று படித்திருக்கிறேன். வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கோழிக்குள் போனது முட்டைக்கும் வரலாம். முட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேக வைப்பேன். அந்த நஞ்சைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கிப் பார்ப்பேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். சாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு அக்கா மூன்று நாள் போனார். ஒன்றும் நான்கும் அடுத்த மாதத்துக்கு என்று அப்போதுதான் விதை கலந்தவை. இரண்டாம் அறையிலும் மூன்றாம் அறையிலும் காளான் இழை பாதி இறங்கியிருந்தது. ஒருமுறை கிளறி விட வேண்டும். "நீ செஞ்சிருவ" என்று சாவிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று என் மகளுக்குக் காய்ச்சல். மாமியார் மடியில் அவளைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டாம் அறையில் கிளறிக்கொண்டிருக்கும்போதே அவள் அழுகை கேட்டது. சாதாரண அழுகையா, வேறு மாதிரியா என்று காதைக் கொடுத்துக்கொண்டே வெளியே வந்தேன். மூன்றாம் அறை வாசலில் மூடியைத் தட்டினேன், கை கழுவினேன், கதவைத் திறந்தேன், கிளறினேன். முடித்துத் திரும்பும்போதுதான் பார்த்தேன். மூன்றாம் அறையின் துடுப்பு அதன் மூலையில் காய்ந்தபடி சாய்ந்திருந்தது. என் கையில் இருந்தது இரண்டாம் அறைத் துடுப்பு. கையை மட்டும் கழுவி, துடுப்பை அப்படியே கொண்டு வந்திருக்கிறேன்.

அதைக் கழுவி, துடைத்து, இரண்டாம் அறையில் இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன். மகளுக்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. எனக்கு விடவில்லை.

அக்கா திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து இரண்டாம் அறையில் பச்சை தெரிந்தது. முதலில் ஓர் ஓரம், மறுநாள் பாதித் தொட்டி. மழை ஈரமா, சரியாக வேகவில்லையா, தெரியாது. அக்கா முகம் சுளிக்கவில்லை. "ரெண்டு போச்சு. மூணு நல்லா இருக்கு, பொட்டுச் சேர்த்துப் புளிக்க வச்சிருவோம்" என்றார்.

மூன்றாம் அறை நன்றாகத்தான் இருந்தது. பால் வெள்ளை. மூக்கை வைத்தால் மழைக்குப் பிறகு வரும் காளான் வாசம். நான் தொட்டியைத் துழாவித் துழாவிப் பார்த்தேன். ஒரு பச்சைப் புள்ளி இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் ஒரு மாதத் தீவனத்தில் இருந்த மிச்சமும் போகும். என்னை நம்பிச் சாவி கொடுத்ததும் போகும். சொல்லாவிட்டால் அது போர்மேனுக்குப் போகும், நாற்பது கோழிக்கும் போகும், பக்கத்துத் தெருக் கோழிகளுக்கும் போகும். பிறகு முட்டை. எத்தனை வீட்டுப் பிள்ளைகள். என் பிள்ளைக்கு மட்டும் நான் முட்டை கொடுக்காமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் என்னைப் பேச வைத்தது.

பொட்டு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய், "அக்கா, அன்னிக்கு நான் துடுப்பை மாத்திட்டேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, "எந்தத் துடுப்பு?" என்றார்.

"ரெண்டாம் ரூம் துடுப்பை மூணுக்குள்ள கொண்டு போயிட்டேன்."

"வேற எங்கயும் கொண்டு போனியா?"

"இல்லக்கா."

"ஒண்ணு, நாலு?"

"தொடவே இல்லை."

அவ்வளவுதான் கேட்டார். மூட்டையின் வாயை மறுபடி கட்டினார். "நல்லாத்தானேக்கா இருக்கு? அஞ்சு கோழிக்கு மட்டும் போட்டுப் பார்ப்போமே" என்றேன்.

"பார்ப்போம். எந்த அஞ்சுன்னு நீயே புடிச்சுக் குடு."

கோழிகள் காலடியில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. போர்மேன் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வேறு நான்கைத் தேடினேன். ஒன்று போன வாரம்தான் அடையிலிருந்து இறங்கியது. ஒன்றின் வாலைப் பிடித்து இழுப்பது என் மகளுக்கு விளையாட்டு. என்னால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"சரி, மம்பட்டிய எடு" என்றார் அக்கா.

இரண்டு குழி வெட்டினோம். ஒரே குழியில் போட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு நாளில் அது எனக்கே தெரிந்திருந்தது. இரண்டாம் அறைக் குப்பையைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம். மூன்றாம் அறைக் குழியைத் தோண்டும்போது மழை வலுத்துவிட்டது. அரைகுறையாக மண்ணைத் தள்ளிவிட்டு, இருவரும் முதல் அறைக் கூரையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். அக்கா ஈரச் சேலையைப் பிழிந்தபோது இடது முழங்கைக்கு மேலே அந்தப் பளபளப்பான தழும்பு தெரிந்தது. பலமுறை பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

அவராகவே சொன்னார். "புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப, கொஞ்சம் மருந்தைக் கீழ சிந்திட்டேன். சொன்னா ஏசுவாகன்னு சாக்கை இழுத்து மூடிட்டேன். சாயந்தரம் அதை நானே மிதிச்சேன்."

"அய்யோ. அப்புறம்?"

"ரூமுல கொஞ்சந்தான் மருந்து இருந்துச்சு. அதான் கையோட போச்சு." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ மூடல. வா, உம்புள்ள தேடும்."

அந்த மாதம் தவிட்டையும் கீரைத்தண்டையும் வைத்துக் கோழிகளைச் சமாளித்தோம். முட்டை குறைந்தது. தீவனம் வாங்க வந்த பக்கத்துத் தெரு மதினி ஒருவர், "இம்புட்டுப் பதனமா வச்சும் எப்படிக் கெட்டுச்சு? யாரு கை பட்டுச்சு?" என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு துடுப்பு மாறிப் போச்சு மதினி" என்றார் அக்கா. யார் மாற்றியது என்று கடைசிவரை சொல்லவில்லை. மறுநாள் போனபோது நான்கு துடுப்பின் பிடியிலும் பட்டாசு சுற்றும் வண்ணத் தாள் ஒட்டியிருந்தது: சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை. கதவுகளிலும் அதே நிறம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். "வந்து பாரு, ஒன் குழிய."

மூன்றாம் அறையைப் புதைத்த குழியின் மேலே சிப்பிக்காளான் பூத்திருந்தது. அடுக்கடுக்காக, சாம்பல் வெள்ளையில், ஒரு விரிந்த கை அளவுக்கு. இரண்டாம் அறைக் குழியில் ஒன்றுமில்லை.

"அப்ப மூணு நல்லாத்தான் இருந்திருக்கு. அநியாயமாப் புதைச்சிட்டோமேக்கா. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றேன். உடனே, காளான் முளைத்ததால் மட்டும் நஞ்சில்லை என்று சொல்லிவிட முடியுமா என்ற சந்தேகமும் வந்தது. அதையும் சொன்னேன்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா இருந்திருந்தா நல்லதுதான். இல்லாட்டியும் நல்லதுதான். ஒரு ரூமுதானே தாயி போச்சு." காளானை நாங்கள் பறிக்கவில்லை. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வேப்பங்கன்றை ஒரு தட்டு தட்டினாள்.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது என் கணவருக்கு விருதுநகரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அக்கா முட்டை கொண்டு வந்தார். இருபது முட்டை, பழைய பட்டாசுப் பெட்டிகள் நான்கில், பெட்டிக்கு ஐந்தாக, காகிதச் சீவலுக்குள் வைத்து, துடுப்புகளில் ஒட்டிய அதே நான்கு நிறத் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தார். "ஒரே பெட்டியில வச்சிருந்தா ஒரு கையில பிடிச்சிருப்பேன்ல" என்று என் கணவர் முணுமுணுத்தார். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

விருதுநகரில் இறங்கும்போது பஸ் படியில் ஒரு பெட்டி என் கையிலிருந்து நழுவியது. மகளைப் பிடிப்பதா பெட்டியைப் பிடிப்பதா என்ற ஒரு நொடியில் மகளைப் பிடித்தேன். முன்பென்றால், இது எதற்கு அறிகுறியோ என்று புது வீட்டு வாசல் வரை யோசித்திருப்பேன். அங்கேயே நின்று போன் போட்டேன்.

"அக்கா, ஒரு பெட்டியக் கீழ போட்டுட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"ஊதா."

"சரி. மத்த மூணும்?"

"மூணும் கையில இருக்குக்கா."

"அப்ப போயி, புள்ளைக்கு ஒரு முட்டைய அவி" என்றார்.

வெயிலில் தூக்கிப் பார்க்காமல் அவித்தேன்.